சி டிரைவ் நிரம்பிவிட்டால் முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி இது: வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு விண்டோஸ் லேப்டாப். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. சி டிரைவின் கோடு சிவப்பாகிவிட்டது, 3 ஜிபிதான் மிச்சம். விண்டோஸ் அப்டேட் ஏற மறுக்கிறது. கடையில் ஃபார்மட் போட்டுவிடலாம் என்கிறார்கள். நண்பர் ஒருவர் க்ளீனர் மென்பொருள் போடச் சொல்கிறார். குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. என்ன செய்வது?

ஃபார்மட் இப்போதைக்கு வேண்டாம். க்ளீனரும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை இதற்கென்று ஒதுக்குங்கள், போதும். நான் பார்த்த வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் நான்கைந்து பெரிய சாமான்கள்தான் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். மீதியெல்லாம் சில்லறை. அந்த நான்கைந்தும் எவை என்று முதலில் கண்ணால் பார்க்க வேண்டும், அப்புறம் அவை யாருடையவை என்று வீட்டில் கேட்க வேண்டும். அழிப்பது மூன்றாவதாக வருகிற வேலை. அவசரத்தில் முதலில் அழித்துவிட்டு அப்புறம் தேடுகிறவர்கள்தான் படங்களை இழக்கிறார்கள்.

அதனால் எதையும் தொடுவதற்கு முன்னால் படங்களையும் வீடியோக்களையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வராது. காரணம், ஒரு வீட்டில் நடந்ததைப் பார்த்திருக்கிறேன். டெஸ்க்டாப்பில் குடும்பப் படங்கள் என்று ஒரு ஐகான். அதைப் பிடித்துப் பென்டிரைவுக்கு இழுத்துப் போட்டார்கள். ஒரே நொடியில் காப்பி முடிந்தது. பெயர் அதேதான், படமும் அதேதான். ஐகானின் இடது கீழ் மூலையில் ஒரு சின்ன வளைந்த அம்புக்குறி இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அந்த அம்புக்குறி இருந்தால் அது ஃபோல்டர் இல்லை, ஃபோல்டருக்கு வழிகாட்டும் ஷார்ட்கட். லேப்டாப் ஃபார்மட் ஆகி வீட்டுக்கு வந்தது. பென்டிரைவைச் செருகிப் பார்த்தால் உள்ளே இருந்தது 2 கேபி. பெண்ணின் வளைகாப்பு, பேரனின் முதல் வருடம் எல்லாம் போய்விட்டன.

மீட்டெடுக்கலாமே என்று கேட்பீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் அதற்கு வாய்ப்பு உண்டு. அழித்த ஃபைலின் தரவு, அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை தட்டில் அப்படியே கிடக்கும். எஸ்எஸ்டியில் கதை வேறு. ஒரு ஃபைலை அழித்ததும், இந்த இடம் இனி தேவையில்லை என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும். ட்ரிம் என்று இதற்குப் பெயர். எஸ்எஸ்டி தனக்கு நேரம் கிடைக்கும்போது அந்த இடத்தைத் துடைத்து வைத்துக்கொள்ளும். துடைத்த பிறகு எந்த மீட்பு மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது. ரீசைக்கிள் பின்னில் இருக்கும்வரை பயமில்லை. அதைக் காலி செய்தாலோ, ஷிஃப்ட் விசையோடு டெலிட்டை அழுத்தினாலோ போனது போனதுதான்.

காப்பி எடுத்த பிறகு இரண்டு பக்கமும் ஃபோல்டரின் மேல் வலது க்ளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். ஃபைல்களின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்துப்போக வேண்டும். பிறகு வெளி டிஸ்க்கிலிருந்தே ஐந்தாறு படங்களையும் இரண்டு வீடியோக்களையும் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத காப்பியை நான் காப்பி என்றே கணக்கில் எடுப்பதில்லை.

இனி இடத்துக்கு வருவோம். 256 ஜிபி என்று சொல்லி வாங்கினோம், விண்டோஸ் 238-க்கும் குறைவாகத்தான் காட்டுகிறது, மீதி எங்கே என்று பலர் கேட்கிறார்கள். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர்கள் ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட் என்று கணக்குப் போடுகிறார்கள். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கிக் கணக்குப் போடுகிறது, அது 107 கோடியைத் தாண்டும். அதனால் 256 அங்கே 238 ஆகிறது, 512 சுமார் 477 ஆகிறது, 1 டிபி 931 ஆகிறது. கணினி எழும்புவதற்கும் பழுது பார்ப்பதற்கும் வைத்திருக்கும் சின்னப் பகுதிகள் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். இவை போக, பல கணினிகளில் வருங்கால அப்டேட்டுகளுக்காக விண்டோஸ் தானே சுமார் 7 ஜிபியை ஒதுக்கி வைக்கும். இந்த எதையும் துரத்திப் பிடிக்க முயல வேண்டாம்.

இன்னொன்றையும் முதலிலேயே பாருங்கள். திஸ் பிசி திறந்தால் சி மட்டும் இருக்கிறதா, டி-யும் இருக்கிறதா? நம் ஊர்க் கடைகளில் வாங்கும்போதே டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, சி-க்கு 100 ஜிபி, டி-க்கு மீதி என்று கொடுப்பது வழக்கம். அப்படி இருந்து டி காலியாகக் கிடந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ், டவுன்லோட்ஸ் இந்த நான்கையும் டி-க்கு நகர்த்தலாம். வெறுமனே கட் செய்து ஒட்ட வேண்டாம். அந்த ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் லொகேஷன் என்று ஒரு பகுதி இருக்கும். முதலில் டி-யில் அதே பெயரில் ஒரு காலி ஃபோல்டர் உருவாக்கி, லொகேஷனில் மூவ் அழுத்தி அதைக் காட்டுங்கள். டி டிரைவையே நேராகக் காட்டிவிடக் கூடாது. அப்படிச் செய்தால் டி முழுவதுமே உங்கள் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர் ஆகிவிடும், பிறகு அதைப் பிரிப்பது பெரிய தலைவலி. சி-யைப் பெரிதாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் யோசித்துச் செய்யுங்கள். விண்டோஸின் சொந்தக் கருவி, சி-க்கு அடுத்து வலப்பக்கம் ஒட்டியபடி காலி இடம் இருந்தால்தான் நீட்டிக் கொடுக்கும். நடுவில் மீட்புப் பகுதி உட்கார்ந்திருந்தால் அதையும் நகர்த்த வேண்டிவரும். காப்பி இல்லாமல் செய்யக்கூடிய வேலை இல்லை அது.

சரி, சி மட்டும்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூச்சு விடுவதற்குக் கொஞ்சம் இடம் உடனே வேண்டும். செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ். எது எவ்வளவு எடுத்திருக்கிறது என்று ஒரு பட்டியல் வரும். டெம்பரரி ஃபைல்ஸ் என்பதைத் திறங்கள். விண்டோஸ் அப்டேட் விட்டுப்போனவை, டெலிவரி ஆப்டிமைசேஷன், தற்காலிக ஃபைல்கள், தம்ப்நெயில்ஸ் (விண்டோஸ் தானே உண்டாக்கிக்கொள்ளும் முன்னோட்டச் சிறுபடங்கள், உங்கள் படங்கள் அல்ல) இவற்றுக்கெல்லாம் டிக் போட்டு நீக்கலாம். அதே பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு வரி இருக்கும். அதற்கு எதிரே டிக் இருக்கவே கூடாது. வருமான வரித் தாள், மின் கட்டண ரசீது, ஹால் டிக்கெட் என்று வீட்டின் பாதி ஆவணங்கள் டவுன்லோட்ஸில்தான் கிடக்கும். ஒரு டிக்கில் அத்தனையும் போய்விடும். ரீசைக்கிள் பின்னையும் இங்கேயே காலி செய்யலாம், ஆனால் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு.

அதே இடத்தில் முந்தைய விண்டோஸ் நிறுவல் என்ற பொருளில் ஒரு வரி தெரிந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பெரிய பதிப்பு மாற்றம் நடந்தால் பழைய விண்டோஸை அப்படியே ஒரு ஃபோல்டரில் மூட்டை கட்டி வைக்கும். பல ஜிபி இருக்கும். பத்து நாட்களில் தானாகவே நீங்கிவிட வேண்டியது, சில சமயம் தங்கிவிடும். புதிய பதிப்பு ஒழுங்காக ஓடுகிறது, பழையதற்குத் திரும்பப் போவதில்லை என்றால் தயங்காமல் நீக்கலாம். உங்கள் லேப்டாப்பில் இன்னும் விண்டோஸ் 10 இருந்தால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. 11-க்கு மாற உங்கள் கணினி தகுதி பெற்றிருந்தால், அந்த மாற்றத்துக்கே தாராளமாக இடம் வேண்டும். எனவே சுத்தம் செய்துவிட்டு மாறுங்கள், மாறி ஓரிரு வாரம் கழித்து இந்த மூட்டை போய்விட்டதா என்று பாருங்கள்.

இதிலெல்லாம் ஐந்து முதல் பத்து ஜிபி கிடைக்கலாம். அப்டேட் ஏற அது உதவும். ஆனால் பெரிய சாமான் இன்னும் நகரவில்லை.

அதைக் கண்டுபிடிக்க விஸ்ட்ரீ என்ற சிறிய மென்பொருள் போதும். வீட்டுப் பயன்பாட்டுக்கு இலவசம். ட்ரீசைஸ், வின்டிர்ஸ்டாட் இரண்டும் அதே வேலையைச் செய்யும். விஸ்ட்ரீ என்டிஎஃப்எஸ் டிஸ்க்கின் ஃபைல் பதிவேட்டையே நேராகப் படிப்பதால் சில நொடிகளில் முடித்துவிடும். எதையும் அழிக்காது, காட்டும், அவ்வளவுதான். டிஸ்க் முழுவதும் ஒரு செவ்வகமாக வரும், அதற்குள் ஒவ்வொரு ஃபைலும் தன் அளவுக்கு ஏற்ற ஒரு வண்ணக் கட்டம். பெரிய கட்டம் என்றால் பெரிய ஃபைல். படிக்கத் தெரியாத குழந்தைகூட எது பெரிது என்று காட்டிவிடும்.

எங்கள் தெருவில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். நாங்கள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். உங்களுடையதைப் போலவே 256 ஜிபி லேப்டாப், உங்களுடையதைப் போலவே சிவப்புக் கோடு. அவர் இரண்டு நாள் உட்கார்ந்து வேர்ட் ஃபைல்களையும் பழைய வினாத்தாள்களையும் ஒவ்வொன்றாக அழித்திருக்கிறார். மொத்தம் 300 எம்பிகூடத் தேறவில்லை. விஸ்ட்ரீயை ஓடவிட்டோம். திரையில் கால்வாசிக்கு மேல் ஒரே பொடிக் கட்டங்களின் கூட்டம். அதன் மேல் சுட்டியை வைத்தால், ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள், ஆப்பிள் பெயரில், மொபைல்சிங்க், அதற்குள் பேக்கப். மொத்தம் 71 ஜிபி. உள்ளே ஃபைல்களுக்குப் பெயரே இல்லை, நாற்பது எழுத்துக்கு எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த வரிசைகள்தான். எதைத் திறந்தாலும் ஒன்றும் புரியாது. அழித்துவிடலாம் சார், நான் ஐபோனே வைத்திருக்கவில்லையே என்றார் டீச்சர்.

வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் டீச்சர் என்றேன். அங்கே இரவு. இருந்தாலும் கூப்பிட்டார். அவன் சொன்னது இதுதான்: விடுமுறைக்கு வந்தபோது தன் பழைய ஐபோனை இந்த லேப்டாப்பில் பேக்கப் எடுத்தான். அந்த ஃபோன் அடுத்த வருடமே உடைந்துபோனது. அதில்தான் தாத்தாவின் கடைசிப் பொங்கல் வீடியோக்கள் இருந்தன. போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தான். டீச்சர் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் சொந்தமில்லாத குப்பை மாதிரி கிடந்த அந்தப் பொடிக் கட்டங்களுக்குள் அவருடைய அப்பா இருந்தார்.

அந்த ஃபோல்டரை முழுவதுமாக ஒரு வெளி டிஸ்க்குக்கு, பிறகு இன்னொரு டிஸ்க்குக்கு காப்பி எடுத்தோம். 71 ஜிபி என்பதாலும் லட்சக்கணக்கான பொடி ஃபைல்கள் என்பதாலும் நேரம் பிடித்தது. ஃபைல் எண்ணிக்கையைச் சரிபார்த்த பிறகே லேப்டாப்பில் இருந்ததை நீக்கினோம். மகன் அடுத்த முறை வந்தபோது அதைப் பழைய இடத்திலேயே திரும்ப வைத்து, ஒரு ஐபோனில் ஏற்றி வீடியோக்களை எடுத்துக்கொண்டான். இப்படிப்பட்ட ஐபோன் பேக்கப் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அந்த ஃபோன் இன்னும் உயிரோடு இருக்கிறது, படங்கள் வேறிடத்திலும் இருக்கின்றன என்றால் ஐட்யூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ் செயலிக்குள் போய் அந்த பேக்கப்பை நீக்குவது முறை. ஃபோல்டருக்குள் புகுந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக அழித்தால் மீதியும் பயன்படாமல் போகும்.

வீட்டில் பிள்ளைகள் டெலிகிராம் பயன்படுத்தினால் அடுத்த பெரிய கட்டம் அங்கே இருக்கும். டெலிகிராம் டெஸ்க்டாப் பார்த்த ஒவ்வொரு படத்தையும் வீடியோவையும் தன்னிடம் சேர்த்துவைக்கும். அதன் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு, அதில் மேனேஜ் லோக்கல் ஸ்டோரேஜ். க்ளியர் ஆல் கொடுத்தால் போய்விடும். சேர்த்துவைக்கும் அளவுக்கு ஒரு வரம்பும் அங்கேயே வைக்கலாம். வழக்கமான உரையாடல்கள் டெலிகிராமின் சர்வரில் இருப்பதால் வேண்டும்போது மறுபடி இறக்கிக்கொள்ளலாம். ஆனால் நாமாகப் பதிவிறக்கியவை வேறு கணக்கு. அவை டவுன்லோட்ஸுக்குள் டெலிகிராம் டெஸ்க்டாப் என்ற ஃபோல்டரில் தனியாக இருக்கும். நீட், டிஎன்பிஎஸ்சி வகுப்புப் பதிவுகள், படங்கள் என்று டீச்சர் வீட்டில் பேத்தி சேர்த்தது மட்டும் 26 ஜிபி. எது முடிந்துபோன தேர்வுக்கானது என்று அவளே உட்கார்ந்து பிரித்தாள். அதுதான் சரியான வழி. ஒருவர் சேர்த்ததை இன்னொருவர் தரம் பிரிக்கக் கூடாது.

ஆப்டேட்டா ஃபோல்டரைப் பற்றி ஒரு வார்த்தை. வாட்ஸ்அப், பிரவுசர், அலுவலக மெயில் எல்லாம் தங்கள் சேமிப்பை அங்கேதான் வைக்கின்றன. அங்கே பெரிய கட்டம் தெரிந்தால், எந்தச் செயலியுடையது என்று பெயரைப் பார்த்துக்கொண்டு அந்தச் செயலிக்குள் போய்க் குறையுங்கள். நேராக ஃபோல்டரை அழிக்க வேண்டாம். இதற்கு ஒரு விலக்கு, அதற்குள் இருக்கும் டெம்ப். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவில் ஆங்கிலத்தில் டெம்ப் என்று எழுதி என்டர் தட்டினால் அது திறக்கும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நீக்கலாம். பயன்பாட்டில் இருப்பதை நீக்க முடியாது என்று சொல்லும், ஸ்கிப் கொடுத்துவிடுங்கள்.

இப்போது விண்டோஸுக்குச் சொந்தமான பெரிய ஃபைல்கள். விஸ்ட்ரீயில் ஹைபர்ஃபில் என்ற பெயரில் ஒரே கட்டமாக 3 ஜிபிக்கு மேல் தெரியும். ஹைபர்னேட் செய்தால் ரேமில் இருப்பதை எழுதிவைக்கும் இடம் அது. வழக்கமாக ரேமில் 40 சதவீதம், அதனால் 8 ஜிபி ரேமுக்கு 3.2 ஜிபி. ஹைபர்னேட் பயன்படுத்துவதே இல்லை என்றால் நீக்கலாம், ஆனால் டெலிட் விசையால் முடியாது. டெர்மினல் என்ற கட்டளைத் திரையை அட்மினாகத் திறந்து, பவர் என்பதையும் சிஎஃப்ஜி என்ற மூன்று எழுத்துகளையும் ஒட்டி எழுதி, இடைவெளி விட்டு ஒரு சாய்கோடும் (கேள்விக்குறி விசையில் இருப்பது) ஹெச் எழுத்தும், மறுபடி இடைவெளி விட்டு ஆஃப் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். உடனே அந்த ஃபைல் காணாமல் போகும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் இதனோடு நின்றுவிடும். எஸ்எஸ்டி உள்ள கணினியில் சில நொடி வித்தியாசம்தான். மறுபடி வேண்டுமென்றால் ஆஃப் என்ற இடத்தில் ஆன். அடிக்கடி பேட்டரி தீரும்வரை பயன்படுத்துகிற வீடு என்றால் இதை அப்படியே விட்டுவிடுங்கள், எழுதிக்கொண்டிருப்பதைக் காப்பாற்றும்.

பேஜ்ஃபைல் என்ற இன்னொன்றும் அருகிலேயே இருக்கும். 8 ஜிபி ரேம் உள்ள கணினிக்கு அது தேவை, தொடாதீர்கள்.

அப்புறம், விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று. பார்த்ததும் பயமாக இருக்கும், அவ்வளவு பெரிதாகக் காட்டும். உண்மையில் அவ்வளவு இல்லை. ஒரே வீட்டுக்கு இரண்டு தெருவிலும் வாசல் இருந்தால், இரண்டு தெருவிலும் எண்ணுகிறவர் இரண்டு வீடு என்று எழுதிக்கொள்வார் இல்லையா, அப்படித்தான். அங்குள்ள ஃபைல்களில் நிறையவற்றுக்கு சிஸ்டம்32 போன்ற இடங்களிலும் வாசல் உண்டு. எக்ஸ்ப்ளோரர் இரண்டு இடத்திலும் கூட்டிவிடுகிறது. கையால் அழித்தால் விண்டோஸே எழும்பாமல் போகலாம். ஸ்டோரேஜ் பக்கத்தில் விண்டோஸ் அப்டேட் க்ளீனப் கொடுத்தால், தேவையில்லாத பழைய பாகங்களை அது முறையாக நீக்கிவிடும்.

க்ளீனர் மென்பொருளைப் பற்றிக் கேட்டீர்கள். அவை செய்யும் பயனுள்ள வேலை எல்லாம் விண்டோஸின் ஸ்டோரேஜ் பக்கத்திலேயே இருக்கிறது. ரெஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேடு, அதைச் சுத்தம் செய்வது இடமே மீட்காது, அது சில எம்பி விஷயம். அப்படிப்பட்ட கருவிகளை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கருவிகளுக்குக் கணினியின் எல்லா இடத்துக்கும் சாவி கொடுக்கிறோம். 2017-ல் மிகப் பிரபலமான சிக்ளீனரின் 5.33 பதிப்புக்குள் யாரோ தீநிரலை நுழைத்துவிட்டார்கள். நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே அது இறங்கியது. பாதிக்கப்பட்ட பதிப்பு 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் இருந்தது. ஒழுங்காக இயங்கிய நிறுவனத்துக்கே இப்படி நடந்தது என்றால், உங்கள் கணினியில் 1,432 பிழைகள் என்று சிவப்பில் மிரட்டும் விளம்பரத்தை நம்பி இறக்குவதை என்னவென்று சொல்வது?

இனி வீடியோ. வீட்டுக் கணினியில் மிஞ்சியிருக்கும் பெரிய கட்டங்கள் எல்லாம் இதுவாகத்தான் இருக்கும். ஐபோனின் கேமரா அமைப்பிலேயே எழுதியிருப்பார்கள்: ஒரு நிமிடத்துக்கு 1080பி, 30 ஃப்ரேம் என்றால் சுமார் 60 எம்பி. 4கே, 60 ஃப்ரேம் என்றால் சுமார் 400 எம்பி. பள்ளி ஆண்டு விழாவில் பத்து நிமிடம் 4கே-யில் எடுத்தால் 4 ஜிபி. மேடையில் குழந்தை கடுகளவுதான் தெரியும், அதற்கு 1080பி-யே தாராளம். ஃபோனில் இந்த ஒரு அமைப்பை மாற்றினால் வருகிற வருடங்களுக்கான இடம் இப்போதே மிச்சம். ஏற்கெனவே எடுத்தவற்றில் ஒரே காட்சியை மூன்று பேர் எடுத்தது, தவறுதலாகப் பதிவான தரை, பாக்கெட்டின் இருட்டு இவற்றை அளவு வாரியாக அடுக்கிப் பார்த்து நீக்கலாம். ஹேண்ட்பிரேக் என்ற இலவசக் கருவியால் எச்.265 என்ற சுருக்க வடிவத்துக்கு மாற்றி அளவைக் குறைக்கவும் முடியும். வகுப்புப் பதிவுகளுக்கு அது சரி. கல்யாண வீடியோ, தாத்தா பாட்டி பேசிய வீடியோ இவற்றைச் சுருக்க வேண்டாம். அசலை வெளி டிஸ்க்குக்கு அப்படியே அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் நமக்கே அனுப்பிவைத்துக்கொண்டு அதைச் சேமிப்பு என்று நம்புகிறவர்களும் உண்டு. சாதாரணமாக அனுப்பினால் அது தரத்தைக் குறைத்துவிடும்.

ஒரே படம் நான்கு இடத்தில் இருப்பதும் எல்லா வீட்டிலும் உண்டு. ஃபோனிலிருந்து ஒவ்வொரு முறையும் முழுவதையும் காப்பி எடுத்து, நியூ ஃபோல்டர், நியூ ஃபோல்டர் 2, எல்லாம், எல்லாம் புதுசு என்று பெயர் வைத்திருப்போம். டூப்குரு என்ற இலவசக் கருவி, பெயரைப் பார்க்காமல் ஃபைலின் உள்ளடக்கத்தைப் பார்த்து இரட்டைகளைக் கண்டுபிடிக்கும். அப்படியே ஒத்தவற்றை மட்டும் நீக்குங்கள். ஒன்றுபோல் தோன்றுபவற்றை நீக்கும் வசதியை விட்டுவிடுங்கள். கண்ணை மூடிய படமும் திறந்த படமும் அதற்கு ஒன்றுதான்.

கிளவுடில் ஒரு பொறி இருக்கிறது, இதில் விழுந்து அழுதவர்களை அறிவேன். பல லேப்டாப்களில் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவோடு இணைந்தே இருக்கும். மேலே ஒரு பிரதி இருக்கிறதே என்று நம்பி லேப்டாப்பில் அழித்தால் மேலேயும் அழியும், மற்ற கணினிகளிலும் அழியும். ஒன்டிரைவ் ஒத்திசைப்பது, அதனால் இங்கே நடப்பதெல்லாம் அங்கேயும் நடக்கும். இடம் மட்டும் வேண்டுமென்றால் ஃபோல்டரை வலது க்ளிக் செய்து ஃப்ரீ அப் ஸ்பேஸ் கொடுங்கள். ஃபைல் மேலே மட்டும் இருக்கும், இங்கே அதன் பெயரும் நீல மேகக் குறியும் நிற்கும், திறக்கும்போது இறங்கிக்கொள்ளும். தவறிப்போய் அழித்துவிட்டீர்கள் என்றால், தனிநபர் கணக்கில் 30 நாள்வரை ஒன்டிரைவ் இணையப் பக்கத்தின் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும், உடனே போய்ப் பாருங்கள். இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான். கூகுளில் 15 ஜிபி, ஆனால் அதை ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. 2021 ஜூன் முதல் புதிதாக ஏற்றும் படங்களும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஒரு குடும்பத்தின் வீடியோக்களுக்கு இது எதுவும் காணாது.

ஆகவே வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள், முடிந்தால் இரண்டு. ஒன்று வீட்டில், இன்னொன்று ஊரில் அண்ணன் வீட்டிலோ அம்மா வீட்டிலோ. திருட்டு, மழை வெள்ளம் இரண்டுக்கும் அந்த இரண்டாவதுதான் பதில். லேப்டாப்பில் இடம் வேண்டும் என்று படங்களை வெளி டிஸ்க்குக்கு நகர்த்திவிட்டு ஒற்றைப் பிரதியாக வைத்தால் அது காப்பு ஆகாது. ஹார்ட் டிஸ்க் ஒருமுறை மேசையிலிருந்து விழுந்தால் போதும். பென்டிரைவை நெடுநாள் சேமிப்புக்கு நம்ப வேண்டாம். அதுவும் எஸ்எஸ்டியும் தகவலை மின்னேற்றமாகப் பிடித்துவைப்பவை, பல வருடம் மின்சாரமே காட்டாமல் பீரோவில் பூட்டி வைத்தால் அது மெல்லக் கசியும். காப்பி எடுக்கும்போது, டிஸ்க்கில் இடம் இருந்தும் ஃபைல் மிகப் பெரிது என்று மறுத்தால் அந்த டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருக்கிறது என்று பொருள். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொடக் கூடாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் வடிவத்தில் ஃபார்மட் செய்தால் ஏறும்.

எவ்வளவு காலி வைக்க வேண்டும்? உங்கள் டிஸ்க்குக்கு 40 ஜிபியாவது இருப்பது நல்லது என்பேன். அப்டேட்டுக்காக மட்டும் இல்லை. எஸ்எஸ்டி ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் அப்படியே எழுதாது, ஒரு பெரிய தொகுதியை முழுவதும் அழித்துவிட்டுத்தான் எழுதும். காலித் தொகுதிகள் இல்லையென்றால் இருப்பதை அங்கே இங்கே நகர்த்தி இடம் உண்டாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சமையல் மேடை முழுக்கப் பாத்திரம் இருந்தால் ஒரு வெங்காயம் நறுக்கவும் நான்கு பாத்திரத்தை நகர்த்த வேண்டியிருக்கிறதே, அதே பாடு. லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று நீங்கள் நினைப்பதில் ஒரு பகுதி இதுவாகவே இருக்கலாம். ஸ்டோரேஜ் சென்ஸை ஆன் செய்து ரீசைக்கிள் பின்னுக்கு 30 நாள், டவுன்லோட்ஸுக்கு நெவர் என்று வைத்துவிட்டால் சில்லறைக் குப்பையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

இத்தனைக்குப் பிறகும் 20 ஜிபிகூடக் காலியாகவில்லை என்றால் உங்கள் வீட்டுக்கு 256 போதவில்லை என்றுதான் பொருள். 512 அல்லது 1 டிபி எஸ்எஸ்டி மாற்றுங்கள், உள்ளே இருப்பதை க்ளோன் செய்து கொடுத்தால் எதையும் புதிதாக நிறுவ வேண்டாம். வாங்குவதற்கு முன் உங்கள் மாடலுக்கு எம்.2 என்விஎம்இ வகையா, 2.5 அங்குல சாட்டா வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில மாடல்களில் எஸ்எஸ்டி போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், அவற்றில் மாற்றவே முடியாது. கடையில் கொடுத்துச் செய்தாலும் நீங்களே செய்தாலும், செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் (சாவியில்லாமல் யாரும் படிக்க முடியாதபடி டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆன் என்றால், வன்பொருளை மாற்றியதும் பிட்லாக்கர் மீட்புச் சாவியை அது கேட்கக்கூடும். 48 இலக்க எண். லேப்டாப்பில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைந்தீர்களோ, அநேகமாக அந்தக் கணக்கின் பக்கத்தில் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி, லேப்டாப் பில்லோடு சேர்த்து வைத்துவிட்டுத் திருப்புளியைக் கையில் எடுங்கள்.